திருத்திய நிலமா, திரிந்த நிலமா?

கலிபோர்னியாவின் கிழக்கோரத்தில், சியரா நெவாடா மலைத்தொடரின் அடிவாரத்தில், லோன் பைன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. நான்கு நாள் அதிகாலையில் காத்திருந்தும் ஒளி கூடிவராமல், ஐந்தாம் நாள் விடியலில் ஆன்சல் ஆடம்ஸ் அங்கே ஒரு படம் எடுத்தார். தலைப்பில் 1944ஆம் ஆண்டைத் தாங்கிய அந்தப் படத்தில், மேலே பனி மூடிய சிகரங்கள் முதல் வெயிலில் வெளேரென்று நிற்கின்றன. நடுவே கரிய குன்றுகள். கீழே, வெயில் விழுந்த மேய்ச்சல் நிலத்தில் ஒற்றைக் குதிரை. அமெரிக்க நிலக்காட்சி ஒளிப்படங்களில் மிகவும் புகழ்பெற்றவற்றுள் அது ஒன்று.

அந்தக் கரிய குன்றின் சரிவில் இரண்டு எழுத்துகள் இருந்தன. ஊர்ப் பள்ளி மாணவர்கள் வெள்ளையடித்த கற்களை அடுக்கி, ஊர்ப் பெயரின் முதலெழுத்துகளான 'எல்', 'பி' இரண்டையும் எழுதி வைத்திருந்தார்கள். ஆடம்ஸ் அவற்றை நெகட்டிவில் முடிந்தவரை அழித்தார். மிஞ்சியதை ஒவ்வொரு பிரதியிலும் மை தொட்டு மறைத்தார். செய்ததை அவர் ஒளிக்கவில்லை. பிற்காலத்தில் தாமே விளக்கமாக எழுதினார். மலையின் மாட்சிமையைப் பார்க்க வருகிறவருக்குப் பள்ளிப் பிள்ளைகளின் எழுத்து உறுத்தல் என்பது அவருடைய தீர்மானம்.

உறுத்தக்கூடியவை சட்டகத்துக்கு வெளியே இன்னும் பல இருந்தன. அது ஓவன்ஸ் பள்ளத்தாக்கு. அங்கே வாழ்ந்த பையூட் மக்களின் மொழியில் அதன் பெயருக்கு 'நீர் ஓடும் நிலம்' என்று பொருள். 1913இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் சுமார் 375 கி.மீ. நீளக் கால்வாய் வெட்டி அந்த நீரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. லோன் பைனுக்குச் சற்றுத் தெற்கே இருந்த ஓவன்ஸ் ஏரி 1920களிலேயே வறண்டு, வெள்ளைப் புழுதிப் படுகையாகிவிட்டது. ஊருக்கு வடக்கே சில கல் தொலைவில் மன்சனார் முகாம்: இரண்டாம் உலகப்போரின்போது ஏறத்தாழ 10,000 ஜப்பானிய அமெரிக்கர்களை முள்வேலிக்குள் அடைத்து வைத்த இடம். ஆடம்ஸ் அந்தப் பக்கம் வந்ததே முகாமைப் படமெடுக்கத்தான். அந்தப் படங்களை அவர் அக்கறையோடு நூலாகவும் வெளியிட்டார். ஆனால் முகாம் ஒரு வரிசையாகவும் மலை வேறொரு வரிசையாகவும் நின்றன. மனிதரின் துயரமும் நிலத்தின் அழகும் ஒரே சட்டகத்துக்குள் வரவில்லை.

அவை இரண்டும் ஒரே சட்டகத்துக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. 1975இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் நடந்த ஒரு கண்காட்சி அந்தக் கேள்விக்கு 168 படங்களால் விடை சொன்னது. 'நியூ டோப்போகிராஃபிக்ஸ்' என்று பெயர். மனிதன் மாற்றிய நிலத்தின் ஒளிப்படங்கள் என்பது அதன் துணைத்தலைப்பு. இன்று உலகெங்கும் சுரங்கம், நெடுஞ்சாலை, மனைப்பிரிவு, குப்பைமேடு ஆகியவற்றை நோக்கிக் கேமராவைத் திருப்பும் பலரும் அந்தக் கண்காட்சிக்கு ஏதோ ஒரு வகையில் கடன்பட்டவர்கள்.

இரண்டு வினைச்சொற்களுக்கு நடுவே

நிலத்தில் மனிதன் செய்யும் வேலைக்குத் தமிழில் நெடுங்காலமாகப் புழங்கும் சொல் 'திருத்துதல்'. காட்டைத் திருத்திக் கழனி ஆக்குகிறோம்; மேட்டைத் திருத்தி மனை போடுகிறோம். அந்தச் சொல்லுக்குள்ளேயே பாராட்டு இருக்கிறது. இன்னொரு பக்கம் 'திரிதல்' இருக்கிறது. தொல்காப்பியம் பாலைக்கென்று தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையில் தம் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். பால் திரிவதைப் போல நிலமும் திரியும். அந்தச் சொல்லுக்குள் இழப்பு இருக்கிறது.

நிலத்தைப் பற்றிய படங்களும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒரு பக்கம் நின்றுதான் பேசிவந்தன. அணை, பாலம், ஆலை என்று அரசும் நிறுவனங்களும் எடுக்கச் செய்த படங்கள் 'திருத்தினோம்' என்றன. இயற்கைப் பாதுகாப்பு இயக்கங்களின் படங்கள், இன்னும் திரியாத இடங்களைக் காட்டி, 'இதைத் திரிய விடாதீர்கள்' என்றன. ராச்செஸ்டர் கண்காட்சி 'மாற்றிய' என்ற சொல்லைத் தேர்ந்தது. தீர்ப்பைத் தள்ளிவைத்து முதலில் முழுமையாகப் பார்ப்பது என்பது அதன் நிலைப்பாடு. அப்படி ஒரு பார்வை உண்மையிலேயே கைகூடுமா, கைகூடினால் அதனால் யாருக்கு என்ன பயன் என்பது கடந்த அரை நூற்றாண்டாக விவாதத்தில் இருக்கிறது.

வந்த வழி

அமெரிக்க மேற்கைப் படமாக்கும் மரபு அளவைப் பணியிலிருந்தும் வணிகத்திலிருந்தும் பிறந்தது. கார்ல்டன் வாட்கின்ஸ் 1861இல் ராட்சதக் கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றிச் சென்று யோசமிட்டிப் பள்ளத்தாக்கைப் படமெடுத்தார். 1864இல் அந்தப் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டதற்கு அந்தப் படங்களும் துணைநின்றன. திமத்தி ஓ'சல்லிவன், உள்நாட்டுப் போரின் பிணங்களைப் படமெடுத்த அதே கையோடு, 1867இல் கிளாரன்ஸ் கிங் தலைமையிலான அரசு நில அளவைக் குழுவில் சேர்ந்தார்.

ஓ'சல்லிவனின் படம் ஒன்றை இங்கே நின்று பார்க்கவேண்டும். நெவாடாவின் கார்சன் பாலைவனத்து மணல்மேடுகள். நடுவே அவருடைய இருட்டறை வண்டி, கோவேறு கழுதைகளோடு நிற்கிறது. வண்டியிலிருந்து கேமராவை நோக்கி மணலில் காலடித் தடங்கள் வருகின்றன. அவை படமெடுக்க நடந்துவந்த மனிதனின் தடங்கள். ஆளற்ற வெளி என்று சொல்லத்தக்க இடத்தில், பார்க்க வந்தவனே முதல் மாற்றத்தை உண்டாக்கிவிட்டான். படம் அதை மறைக்கவில்லை. நூறாண்டு கழித்து வந்த தலைமுறை ஆன்சல் ஆடம்ஸைத் தாண்டிப் பின்னால் போய் ஓ'சல்லிவனிடம் பாடம் கேட்டதற்கு இந்த நேர்மை ஒரு காரணம்.

இந்த வரிசையில் இன்னும் இருவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாக்கர் எவன்ஸ் 1935இல் பென்சில்வேனியாவின் பெத்லகேமில், கல்லறைச் சிலுவையையும் தொழிலாளர் வீடுகளையும் எஃகு ஆலையின் புகைபோக்கிகளையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுபோல் ஒரே படத்தில் நெருக்கினார். ஒரு தொழிலாளியின் பிழைப்பும் குடியிருப்பும் சாவும் ஒரே பார்வையில் அடங்கிவிட்டன. எட் ரூஷே 1963இல் இருபத்தாறு பெட்ரோல் பங்க்குகளை எந்த அலங்காரமும் இல்லாமல் படமெடுத்துச் சிறு நூலாக்கினார். கண்காட்சியை அமைத்த வில்லியம் ஜென்கின்ஸ் தமக்குத் தூண்டுதல் என்று குறிப்பிட்டது அந்த ரூஷேயைத்தான்.

காலமும் கனிந்திருந்தது. 1944இல் வந்த படைவீரர் நலச் சட்டம் போரிலிருந்து திரும்பிய லட்சக்கணக்கானோருக்கு வீட்டுக் கடனை எளிதாக்கியது. 1956இன் நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் சாலைவலைக்கு வழிவகுத்தது. நகரத்து விளிம்புகளில் ஒரே அச்சில் வார்த்த வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. இன்னொரு புறம், 1964இன் வனப் பாதுகாப்புச் சட்டம், மனிதன் வந்துபோகும் விருந்தாளியாக மட்டுமே இருக்கும் இடமே வனம் என்று வரையறுத்தது. நல்ல சட்டம், பல லட்சம் ஏக்கரைக் காத்தது. ஆனால் அந்த வரையறை ஒரு கேள்வியைப் பாக்கி வைத்தது. மனிதன் விருந்தாளியாக இல்லாமல் குடியிருக்கும் மீதி நிலத்தை யார் பார்ப்பது? அதற்கு எந்தக் கண் வேண்டும்?

168 படங்கள்

கண்காட்சி நடந்த இடம் கோடக் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஜார்ஜ் ஈஸ்ட்மனின் மாளிகை. அப்போதே ஒளிப்பட அருங்காட்சியகமாக மாறியிருந்தது. 1975 அக்டோபரில் திறந்து 1976 பிப்ரவரி வரை நடந்தது. ராபர்ட் ஆடம்ஸ், லூயிஸ் பால்ட்ஸ், ஜோ டீல், ஃப்ராங்க் கோல்கே, நிக்கலஸ் நிக்சன், ஜான் ஷாட், ஸ்டீபன் ஷோர், ஹென்றி வெசல் என எட்டு அமெரிக்கர்கள்; ஜெர்மனியிலிருந்து பெர்ண்ட் பெஷர், ஹில்லா பெஷர் தம்பதியர். ஷோரின் படங்கள் மட்டுமே வண்ணம். மற்றவை எல்லாம் கறுப்பு வெள்ளை. வந்து பார்த்தவர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை என்று கோல்கே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தினமும் கடந்துபோகும் வெறும் கட்டடத்தைச் சுவரில் மாட்டி வைத்ததில் என்ன இருக்கிறது என்பது அவர்களுடைய திகைப்பு.

ராபர்ட் ஆடம்ஸ் ஆங்கில இலக்கிய ஆசிரியராக இருந்தவர். 1960களில் கொலராடோவுக்குத் திரும்பியபோது, தாம் இளமையில் அறிந்த சமவெளியை வீட்டுமனைகள் தின்றுகொண்டிருப்பதைக் கண்டார். 1974இல் வந்த அவருடைய 'தி நியூ வெஸ்ட்' நூல் புல்வெளியில் தொடங்கி, மனைப்பிரிவுகள், நகரம், அடிவாரம் என்று ஏறி மலையில் முடிகிறது. அதில் 1968இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் எடுத்த ஒரு படம். ஒரு தளத்து வீடு, வெட்டிச் சீராக்கிய புல்தரை, உச்சி வெயிலில் பளிச்சென்ற சுவர். அகன்ற சன்னலுக்குள் ஒரு பெண்ணின் நிழலுரு. அவளுக்குப் பின்னால் வீட்டின் மறுபக்கச் சன்னல் ஒளியாகத் தெரிவதால் அவள் கறுப்பாக நிற்கிறாள். முகமோ வயதோ தெரிவதில்லை. வீடு அவளைச் சுற்றி ஒரு பெட்டிபோல் கச்சிதமாக இருக்கிறது. அவள் தனிமையில் இருக்கிறாளா, சமையலறைக்குப் போகிற வழியில் ஒரு கணம் நிற்கிறாளா என்று படம் சொல்வதில்லை. ஆனால் அந்த வீட்டின் மேல் விழும் வெயில், பனிச்சிகரத்தின் மேல் விழுவதில் ஒரு துளியும் குறைவில்லாத வெயில். ராபர்ட் ஆடம்ஸ் தம் வாழ்நாள் முழுக்கப் பற்றிக்கொண்டது இதைத்தான்: நாம் என்ன செய்துவிட்டாலும் நிலத்தின் மேல் விழும் ஒளி அதைக் கைவிடுவதில்லை. அதனால்தான் அவருடைய படங்கள் கோபத்தையும் அன்பையும் ஒரே நேரத்தில் சுமக்கின்றன.

லூயிஸ் பால்ட்ஸ் வேறு மனநிலைக்காரர். கலிபோர்னியாவின் கடலோர ஊரில் பிறந்து வளர்ந்தவர். தோப்புகளும் பண்ணைகளும் தொழிற்பேட்டைகளாக மாறுவதைப் பார்த்தவர். இர்வைன் நகரை ஒட்டிய புதிய தொழிற்பேட்டைகளை 51 படங்களாக எடுத்து 1974இல் தொகுத்தார். வெறும் சுவர், மூடிய கதவு, நட்டு இரண்டு நாளான செடி, தார் காயாத தரை. தலைப்புகளில் கட்டடத்தின் திசை, முகவரி போன்ற விவரங்கள் மட்டும். இந்தச் சுவருக்கு உள்ளே காலுறை தயாராகிறதா, பேரழிவு ஆயுதம் தயாராகிறதா என்று வெளியிலிருந்து சொல்லவே முடியாது என்று பால்ட்ஸ் சொன்னதுண்டு. அவருடைய படங்களின் அச்சம் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. முகம் இல்லாத கட்டடத்தில் பொறுப்பும் இல்லை. யார் செய்தார்கள், யாருக்காகச் செய்தார்கள் என்று கேட்க வாசல்கூடத் தெரியாது.

ஜோ டீல், நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் மேட்டின் மேல் ஏறி நின்று கீழே இருக்கும் புது வீடுகளைச் சதுரப் படங்களாக எடுத்தார். அவற்றில் வானம் இல்லை. தொடுவானம் சட்டகத்துக்கு வெளியே தள்ளப்பட்டிருக்கிறது. அமெரிக்க மேற்கின் படங்களில் தொடுவானம் எப்போதும் ஒரு வாக்குறுதி: இங்கே கெட்டாலும் அங்கே இன்னும் நிலம் இருக்கிறது என்ற ஆறுதல். டீல் அந்த ஆறுதலை எடுத்துவிட்டதும், வீடும் புதரும் டயர்த் தடமும் போக இடமின்றி ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன.

ஷோரின் கேமரா 8 அங்குலத்துக்கு 10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய மரப்பெட்டிக் கேமரா. 1975 ஜூன் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் பெவர்லி பூலவார்ட், லா பிரேயா அவென்யூ சந்திப்பில் எடுத்த படத்தில் பெட்ரோல் பங்க், விளம்பரப் பலகைகள், கம்பங்கள், சிக்னல், கார்கள் எல்லாம் முட்டிமோதுகின்றன. முதல் பார்வையில் இரைச்சல். பொறுத்துப் பார்த்தால் ஒவ்வொரு கம்பமும் இன்னொன்றை மறைக்காமல் தன் இடத்தில் நிற்பது தெரியும். அந்தக் கேமராவில் ஒரு படம் எடுப்பது செலவும் நேரமும் பிடிக்கும் வேலை. அதனால் எங்கே நிற்பது என்பதை உள்ளங்கால் அளவுக்குக் கணக்கிட வேண்டியிருந்தது. தெருமுனைக்கு அதுவரை யாரும் கொடுக்காத மரியாதையை அவர் கொடுத்தார்.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். நிக்சன் பாஸ்டன் நகரை உயரத்திலிருந்து எடுத்தார். ஷாட் 66ஆம் எண் நெடுஞ்சாலையின் மோட்டல்களை எடுத்தார். வெசல் கைக்கேமராவில் மேற்கின் சூரிய ஒளியை எடுத்தார். கோல்கே தானியக் குதிர்களையும் வாய்க்கால்களையும் எடுத்தார். இவர்கள் ஓர் இயக்கமாகக் கூடியவர்கள் அல்லர். கொள்கை அறிக்கை ஏதும் எழுதவில்லை. ஒரு கண்காட்சியின் பெயர் பின்னாளில் ஒரு பார்வையின் பெயராகிவிட்டது.

ஜெர்மானியத் தம்பதியர்

பெஷர் தம்பதியர் வந்த பாதை வேறு. பெர்ண்ட் பிறந்த சீகன் வட்டாரம் சுரங்கமும் உருக்கும் நிறைந்தது. அவர் சிறுவயதில் பார்த்த ஆலைகள் 1950களின் இறுதியில் ஒவ்வொன்றாக இடிபட்டுக்கொண்டிருந்தன. ஓவியமாக வரைந்து முடிப்பதற்குள் கட்டடமே போய்விடுகிறது என்பதால்தான் அவர் கேமராவை எடுத்தார். முறையாக ஒளிப்படம் பயின்றவர் ஹில்லா. இருவரும் சேர்ந்து தண்ணீர்த் தொட்டிகள், ஊதுலைகள், சுரங்க வாயில் கோபுரங்கள், எரிவாயுக் கலங்கள் என்று ஒவ்வொரு வகையாகப் படமெடுத்தார்கள். மேகமூட்டமான நாள்தான் வேண்டும், நிழல் விழக்கூடாது. கட்டடத்தின் நடு உயரத்துக்குக் கேமரா ஏறவேண்டும். ஆள் யாரும் இருக்கக்கூடாது. பிறகு ஒரே வகையான ஒன்பது அல்லது பன்னிரண்டு அல்லது பதினைந்து படங்களை வரிசையாக மாட்டுவார்கள்.

ஒரு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தால் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். ஒன்பதைச் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொன்றையும் கட்டிய ஊரின் கை தெரியத் தொடங்கும். ஒன்றின் தலைப்பாகை அகலம், இன்னொன்றின் கால்கள் ஒல்லி, மற்றொன்றில் தேவையே இல்லாமல் ஒரு அலங்கார வளைவு. பயன்பாட்டுக்காகக் கட்டியதிலும் மனிதர் தம் ரசனையைச் சேர்க்காமல் விடவில்லை. இந்தப் படங்களுக்கு 1990இல் வெனிஸ் பியனாலேயில் சிற்பத்துக்கான தங்கச் சிங்கப் பரிசு கிடைத்தது.

இவர்களுடைய பணியால் நேரடி விளைவும் உண்டு. டார்ட்மண்ட் நகரின் சோலர்ன் சுரங்கத்தின் எந்திரக் கூடம் 1969இல் இடிபடும் நிலையில் இருந்தது. அதைக் காக்க முன்னின்றவர்களில் பெஷர் தம்பதியரும் இருந்தார்கள். கூடம் காப்பாற்றப்பட்டது, ஜெர்மனியில் தொழிற்கூடங்களைப் பண்பாட்டுச் சின்னமாகக் கருதும் வழக்கத்துக்கு அது ஒரு தொடக்கமாயிற்று. இன்று அது அருங்காட்சியகம்.

1976 முதல் பெர்ண்ட் டுசல்டார்ஃப் கலைக் கல்லூரியில் கற்பித்தார். ஆந்திரியாஸ் குர்ஸ்கி, தாமஸ் ஸ்ட்ரூத், காண்டிடா ஹோஃபர், தாமஸ் ரூஃப் ஆகியோர் அங்கிருந்து வந்தவர்கள். குர்ஸ்கியின் 1999ஆம் ஆண்டுப் படம் ஒன்று ரைன் நதியைப் பச்சையும் சாம்பலுமான பட்டைகளாகக் காட்டுகிறது. அக்கரையில் இருந்த மின்நிலையத்தையும் கரையில் இருந்த ஆட்களையும் அவர் கணினியில் நீக்கிவிட்டார். 2011இல் அது 43 லட்சம் டாலருக்கு விற்று, அன்றைய தேதியில் ஒளிப்படங்களுக்கான உச்ச விலையைத் தொட்டது. ஆன்சல் ஆடம்ஸ் மலைச்சரிவின் எழுத்தை நீக்கியது புனிதம் கெடாமலிருக்க. குர்ஸ்கி மின்நிலையத்தை நீக்கியதில் மிஞ்சுவது, நேராக வெட்டித் திருத்திய கரையும் கால்வாய்போல் ஓடும் நதியும். நீக்கிய பின்னும் மனிதனின் கைதான் தெரிகிறது.

எழுந்த மறுப்புகள்

இந்தப் பார்வையின் மேல் வைக்கப்பட்ட விமர்சனங்கள் வலுவானவை. முதலாவது, நடுநிலை என்பதே ஒரு பாவனை என்பது. தனக்கென்று பாணி இல்லாத படம் என்ற எண்ணத்தை ஜென்கின்ஸ் முன்வைத்தார். ஆனால் எங்கே நிற்பது, எந்த வேளையில் எடுப்பது, எதை விடுவது என்ற ஒவ்வொன்றும் தேர்வு. பாணி இல்லாததுபோல் தோன்ற வைப்பதும் பாணியே. பால்ட்ஸின் சுவரையும் வெசலின் வெயிலையும் அருகருகே வைத்தால் இருவரும் ஒரே மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இரண்டாவது விமர்சனம் இன்னும் ஆழமானது. டெபோரா பிரைட் 1985இல் எழுதிய கட்டுரை, நிலக்காட்சிப் படங்கள் நிலத்தின் உடைமையையும் அதிகாரத்தையும் பற்றி மௌனம் காப்பதைக் கேள்வி கேட்டது. மனை போட்டவர் யார், இடம் விற்றவர் யார், அதற்கு முன் அந்த மண்ணில் இருந்தவர் யார் என்று இந்தப் படங்கள் பேசுவதில்லை. பத்துப் பேரில் ஹில்லா ஒருவரே பெண். கொலராடோவும் நியூ மெக்சிகோவும் பழங்குடி மக்களின் நிலம். அவர்களுக்கு அந்த நிலம் 'மாறியது' 1950களில் அல்ல. ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் பையூட் மக்களிடம் கேட்டால் நிலம் எப்போது திரிந்தது என்பதற்கு வேறு ஆண்டைச் சொல்வார்கள்.

இந்த மறுப்புகளை நான் ஏற்கிறேன். ஆனாலும் அந்தப் படங்கள் பழசாகாமல் இருப்பதற்கு அவற்றின் நிதானமே காரணம் என்றும் நினைக்கிறேன். கோஷம் எழுதிய பதாகை அந்தப் போராட்டத்தோடு மங்கிவிடும். தீர்ப்பைத் தள்ளிவைத்துக் கவனமாகப் பார்த்த படம், அடுத்தடுத்த தலைமுறை புதுக் கேள்வியோடு வரும்போதெல்லாம் சாட்சி சொல்கிறது. எடுத்தவர் கேட்காத கேள்விக்கும் அதில் விடை இருக்கிறது.

தவிர, அந்தக் கலைஞர்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிடவும் இல்லை. ராபர்ட் ஆடம்ஸ், டென்வருக்கு அருகே அணுகுண்டுக்கான புளூட்டோனியப் பாகங்கள் தயாரித்த ராக்கி பிளாட்ஸ் ஆலையின் அக்கம்பக்கத்தில் வாழும் தாய்மாரையும் குழந்தைகளையும் படமெடுத்து 1983இல் நூலாக்கினார். ஆலை அதில் முன்னிற்கவில்லை. கடையிலிருந்து காருக்கு நடக்கிற, பிள்ளையைத் தூக்கிக்கொண்ட சாதாரண மனிதர்கள்தான் தெரிகிறார்கள். எதை இழக்க நேரும் என்பதைக் காட்டியதாலேயே அது அவருடைய மிகக் கூர்மையான அரசியல் நூல்.

பரவிய வேர்கள்

தாக்கம் முதலில் ஐரோப்பாவில் அரசுப் பணியாகவே உருவெடுத்தது. பிரான்சின் நிலத் திட்டமிடல் அமைப்பான டாட்டார் 1984 முதல் ஏறத்தாழ முப்பது ஒளிப்படக் கலைஞர்களை நாடெங்கும் அனுப்பி, நாட்டின் நிலம் இப்போது எப்படி இருக்கிறது என்று காட்டச் சொன்னது. பால்ட்ஸும் கோல்கேயும் அதில் இருந்தார்கள். இத்தாலியின் காப்ரியேலே பாசிலிகோவும் பிரான்சின் ரேமோன் தெபர்தோனும் இருந்தார்கள். 1990களில் பிரான்சிலேயே குறிப்பிட்ட இடங்களை ஆண்டுதோறும் அதே கோணத்தில் எடுத்துவரும் திட்டமும் தொடங்கியது. திட்டமிடுவோர் வரைபடத்தில் காணாததைத் தரையில் காண்பதற்கு ஒரு வழி அது. இத்தாலியில் லூயிஜி கிர்ரி 1984இல் இருபது பேரின் படங்களைத் திரட்டி, சுற்றுலாக் கையேடுகளில் வராத இத்தாலியைக் காட்டினார்.

ஜப்பானின் நவோயா ஹதகெயாமா சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைப் படமெடுத்தார். நகரத்தின் கான்கிரீட் முழுவதும் ஏதோ ஒரு மலையிலிருந்து வெட்டி எடுத்தது. ஆகவே சுரங்கமும் நகரமும் ஒன்றுக்கொன்று நெகட்டிவும் பாசிட்டிவும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. வீடு கட்டும் எவருக்கும் இந்த ஒரு எண்ணம் போதும். எழும்புகிற ஒவ்வொரு தளத்துக்கும் எங்கோ ஒரு குன்று கரைந்துகொண்டிருக்கிறது.

கனடாவின் எட்வர்ட் பர்டின்ஸ்கி இந்தப் பார்வையைப் பேருருவாக்கினார். ஒன்டாரியோவில் நிக்கல் கழிவு நெருப்பு நிறத்தில் ஓடும் ஆறு, சிட்டகாங் கடற்கரையில் கையால் உடைக்கப்படும் கப்பல்கள், ராஜஸ்தானின் மக்ரானாவில் படிப்படியாக இறங்கும் பளிங்குக் குழிகள். படங்கள் அவ்வளவு அழகு. அழிவை அழகாகக் காட்டுவது அதற்கு உடந்தையாவது ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். ரிச்சர்ட் மிஸ்ராக் அதற்கு ஒரு வழி கண்டார். மிசிசிப்பி ஆற்றோரம் பாட்டன் ரூஷிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை நெருங்கி நிற்கும் ரசாயன ஆலைகளை அவர் படமெடுத்தார். நிலவடிவமைப்பாளர் கேட் ஓர்ஃப் அதே நிலத்துக்குக் குழாய்த்தடம், உடைமை, நோய் ஆகியவற்றின் வரைபடங்களைத் தயாரித்தார். 2012இல் இரண்டும் ஒரே நூலாக வந்தன. படம் பேசாமல் விட்டதை வரைபடம் பேசியது.

ராச்செஸ்டர் கண்காட்சி 2009இல் மீண்டும் அமைக்கப்பட்டு அமெரிக்க, ஐரோப்பிய நகரங்களுக்குப் பயணம் போனது. இந்த முறை பார்வையாளர்கள் திகைக்கவில்லை. வீட்டுக் கடன் நெருக்கடியில் ஆளில்லாமல் கிடந்த மனைப்பிரிவுகளைச் செய்தியில் பார்த்தவர்களுக்கு அந்தப் படங்கள் நேற்று எடுத்ததுபோல் இருந்தன.

மறுபடி அந்தப் பள்ளத்தாக்கு

ஓவன்ஸ் ஏரிக்கே திரும்பலாம். சுமார் 280 சதுர கி.மீ. பரப்புள்ள அந்தப் படுகை, அமெரிக்காவிலேயே மிக மோசமான புழுதி கிளம்பும் இடங்களில் ஒன்றாகிப் பல பத்தாண்டுகள் சுற்றுவட்டார மக்களின் மூச்சில் கலந்தது. 2001இல் டேவிட் மைசல் விமானத்தில் ஏறி அந்தப் படுகையைப் படமெடுக்கத் தொடங்கினார். உப்பில் வாழும் நுண்ணுயிர்களால் ரத்தச் சிவப்பாகிய குட்டைகள், வெளிறிய நரம்புகள்போல் தடங்கள். ஆன்சல் ஆடம்ஸின் சட்டகத்துக்கு வெளியே கிடந்த நிலம் அரை நூற்றாண்டுக்குப் பிறகு சட்டகத்தை முழுதாக நிரப்பியது.

அதே 2001இல், வழக்குகளுக்கும் ஒப்பந்தங்களுக்கும் பின், நீரை எடுத்துப்போன நகரமே புழுதியை அடக்கப் படுகையின் சில பகுதிகளில் ஆழமில்லாமல் நீர் பரப்பத் தொடங்கியது. இதுவரை நூறு கோடி டாலருக்கும் மேல் செலவாகிவிட்டது. சரளை பரப்பிய பாத்திகள், குழாய்கள், தெளிப்பான்கள், நேர்கோட்டு வரப்புகள். அவற்றுக்கு நடுவே, நீர் வந்ததும் பறவைகளும் வந்துவிட்டன. கரையோரம் குச்சிக்கால் பறவைகள் ஆயிரக்கணக்கில் இறங்குகின்றன. அது பழைய ஏரி அல்ல, பாலையும் அல்ல. திருத்தியது திரிந்து, திரிந்ததை மறுபடி திருத்திக்கொண்டிருக்கும் நிலம். 'மாற்றிய நிலம்' என்று 1975இல் சொன்ன சொல் அந்த இடத்துக்குத்தான் பொருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த வேலை அங்கே முடியப்போவதில்லை.

இன்று அந்த இடத்தைப் படமெடுக்க நிற்பவர் முன்னால் சிகரம், குழாய், பறவை, தொலைவில் ஊர் எல்லாம் ஒரே சட்டகத்தில் வந்துவிடும். எதையும் மை தொட்டு மறைக்காமல் அத்தனையையும் உள்ளே விடும் துணிவை அவருக்குக் கொடுத்தவர்கள் ராச்செஸ்டரின் அந்தப் பத்துப் பேர். மலைச்சரிவில் கல் அடுக்கிய பிள்ளைகளின் இரண்டு எழுத்துகளுக்கும் அந்தச் சட்டகத்தில் இடம் உண்டு.